படலையில் ஒரு செருமல்

ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், காடு வந்து வேலியைத் தொடுகிற ஊர் எங்களுடையது. அங்கே ஒரு கிழவர் இருந்தார். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'கரடியப்பு'. அவருக்கு இடக்கண் இல்லை. கண் இருந்த இடத்திலிருந்து தாடை வரைக்கும் நான்கு தழும்புகள், வயலில் மண்வெட்டி இழுத்த வாய்க்கால்போல ஓடியிருக்கும். வெற்றிலையைக் கூட வலக்கடைவாயில்தான் அதக்குவார். புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர் குனியமாட்டார்.

ஒருநாள் அவரிடமே கேட்டேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவர் சொன்ன பதில் வயது ஏற ஏறத்தான் எனக்கு விளங்கியது.

"நான் வேட்டையைத் திறமாச் செய்ததாலைதான் மோனை எனக்கு உது நடந்தது."

பன்றி புரளும் சேற்றுக்கிடங்கு ஒன்றை நோக்கி அவர் போய்க்கொண்டிருந்திருக்கிறார். வெறுங்கால். சருகு நொறுங்காமல், சுள்ளி முறியாமல், காற்றுக்கு எதிர்முகமாகப் போனார். நல்ல வேட்டைக்காரன் நடக்கவேண்டிய நடை அதுதான். வழியில் ஒரு கறையான் புற்று. அந்தப் புற்றுக்குள் தலையைப் புதைத்தபடி கரடி ஒன்று நின்றிருக்கிறது. கரடிக்கு மேல்வாயில் முன்பல் இரண்டு இல்லை. அந்த இடைவெளிக்குள்ளால் கறையானை உறிஞ்சும்போது ஊதுகிற சத்தமும் இழுக்கிற சத்தமும் நூறு யாருக்கு அப்பாலும் கேட்கும். அந்த இரைச்சலில் அதற்கு வேறெதுவும் காதில் விழாது. கண் பார்வையும் மட்டு. மூக்குத்தான் அதற்கு எல்லாம். அந்த மூக்குக்கும் எட்டாதபடி எதிர்க்காற்றில் அப்பு போயிருக்கிறார். பன்றியின் யோசனையிலேயே போனதால் அவருடைய காதிலும் அந்தச் சத்தம் விழவில்லை. பத்தடி தூரத்தில் கரடி தலையை எடுத்தது.

"அது என்னைத் தின்ன வரேல்லை. பயந்துபோச்சு. அவ்வளவுதான்."

தோளில் கிடந்த கோடாலியை எடுக்க நேரம் இருக்கவில்லை. கரடி பின்னங்காலில் எழும்பி நின்று அடித்தால் அடி விழுவது முகத்திலும் தலையிலும்தான். நகம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று அங்குல நீளம். வன்னியில் ஆனையையும் புலியையும்விடக் கரடிக்குத்தான் ஆட்கள் கூடப் பயப்படுவார்கள் என்பதற்குக் காரணம் இந்த ஒரு அடிதான். (எங்கள் ஊரில் புலி என்றால் சிறுத்தை. இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது.)

வேட்டையின் கலை முழுவதும் மறைந்து நடப்பதில் இருக்கிறது. காட்டில் வருகிற ஆபத்தில் பெரும்பங்கும் அந்த மறைவில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் மறையவேண்டும், எந்த இடத்தில் 'நான் இங்கே நிற்கிறேன்' என்று காட்டிக்கொடுக்கவேண்டும் என்று தெரிந்தவன்தான் வீடு திரும்புவான். அதை எனக்குக் கற்றுத் தந்தவர் என் அம்மாவின் மூத்த தமையன், பெரிய மாமா.

1974ஆம் ஆண்டு எனக்குப் பதினேழு வயது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவது நின்றிருந்த காலம். காடு வெட்டி மிளகாய் வைத்தவன் எல்லாம் கையில் காசு கண்டான். ஊர் முழுக்கத் தோட்டமும் மேட்டுநிலப் பயிருமாக இருந்தது. பன்றிக்கும் அது நல்ல காலம். ஒரு இரவில் ஒரு கூட்டம் இறங்கினால் மரவள்ளித் தோட்டம் உழுத வயல்போல ஆகிவிடும். மாமாவிடம் பயிர்க்காவலுக்கென்று அனுமதிப்பத்திரம் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. தோட்டாவுக்குத் தட்டுப்பாடு. ஒரு பெட்டி எஸ்.ஜி. தோட்டாவை ஒரு வருடத்துக்கு வைத்து எண்ணி எண்ணிச் செலவழிப்பார். அதனாலோ என்னவோ, அவர் சுட்டதைவிடச் சுடாமல் விட்டது அதிகம்.

அந்த ஆனி மாதம் அவர் என்னை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனார். காட்டு வாசலில் நின்று ஒரு குழை முறித்து, அங்கே நின்ற பாலைமரத்தின் கவரில் செருகினார். ஐயனாருக்கு வைக்கிற குழை. ஏற்கெனவே காய்ந்த குழைகள் பல அங்கே தொங்கின. "இதிலை பச்சைக்குழை கிடந்தால் எங்களுக்கு முன்னம் ஆரோ உள்ளுக்கை போயிருக்கினம் எண்டு விளங்கும்" என்றார். சாமிக்கு வைத்த குழை ஆட்களுக்கும் சேதி சொல்லும் என்பதை அன்றுதான் அறிந்தேன். எத்தனை குழை பச்சையாக இருக்கிறதோ அத்தனை பேரைக் காட்டுக்குள் எதிர்பார்த்து நடக்கவேண்டும்.

மடியில் சின்னச் சீலை முடிச்சு ஒன்று வைத்திருந்தார். அதற்குள் அடுப்புச் சாம்பல். ஐம்பது அடிக்கு ஒருமுறை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, நெஞ்சு உயரத்தில் மெல்ல உதிர்ப்பார். சாம்பல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். இலை ஆடாத நேரத்திலும் காற்று ஊர்ந்துகொண்டே இருக்கும். அது சாம்பலுக்குத்தான் தெரியும். துவக்கில் தோட்டா போட்டபிறகு குழல் எப்போதும் தரையைப் பார்க்கும். நான் எப்போதும் அவருக்குப் பின்னால், மூன்று எட்டுத் தள்ளி. அவர் நின்றால் நிற்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது.

கோடை முற்றிவிட்டால் காட்டுக்குள் மோட்டைகளில் மட்டும்தான் தண்ணீர் கிடக்கும். அப்படியொரு மோட்டைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாதையில் ஆனைப் பிண்டம். மாமா குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு. பக்கத்தில் முறிந்து கிடந்த வீரைக் கிளையின் முறிவு இன்னும் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து சாம்பலை உதிர்த்தார். சாம்பல் எங்கள் முதுகுப்பக்கமிருந்து முன்னால் போனது.

அவர் நின்றுவிட்டார். நானும் நின்றேன். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், காட்டில் ஒன்றுமே கேட்கவில்லை என்பதை. குரங்கு இல்லை, செண்பகம் இல்லை. அந்த அமைதிக்குள் வலப்பக்கப் பற்றைக்குப் பின்னால் சுளகு புடைப்பதுபோல ஒரு சத்தம். ஒருமுறை. கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை. ஆனை காது வீசுகிறது. இலைகளின் நடுவே நான் மரத்தடி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அதன் முன்னங்கால். மண் படிந்த தோலில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. எங்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி நீளம் இருக்கும், இரண்டு இருக்காது.

அரியாத்தை ஆனை கட்டிய கதையைப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி மதயானைக்கு முன்னால் போய் நின்றாள் என்று அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் பெருமையாக இருக்கும். அந்த இடத்தில் எனக்கு முழங்கால் நடுங்கியது. காது வீசுகிற சத்தம் நின்றது. அதுதான் கூடாத அடையாளம் என்று மாமா முதலே சொல்லியிருந்தார். காது நின்றால் அது எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மாமா என் நெஞ்சில் கையை வைத்து அமத்தினார். துவக்கை உயர்த்தவில்லை. தொண்டையைச் செருமினார். வீட்டுத் திண்ணையில் இருந்து செருமுவதுபோல, சாதாரணமாக. பிறகு கதைக்கிற குரலிலேயே சொன்னார்: "ஐயா, நாங்கள் போறம்."

பற்றை ஒருமுறை குலுங்கியது. ஒரு மூச்சு, துருத்தி ஊதியதுபோல. அதற்குப் பிறகு தடி முறிகிற சத்தம் எங்களைவிட்டு விலகி விலகிப் போனது. அத்தனை பெரிய உடம்பு அத்தனை கிட்ட நின்றபோது சத்தமே இல்லாமல் நின்றது. போகும்போதுதான் காடு உடைந்தது.

திரும்பி நடக்கும்போது நான் கேட்டேன், ஏன் ஒரு வெடி வைத்துக் கலைத்திருக்கக்கூடாது என்று.

"வெடிக்குப் பயந்த ஆனையும் இருக்கு, வெடிபட்ட ஆனையும் இருக்கு. உது எது எண்டு உனக்குத் தெரியுமோ?" என்றார். உடம்பில் பழைய சன்னத்தோடு திரிகிற ஆனை வெடிச்சத்தம் வந்த பக்கம்தான் திரும்புமாம். காற்று எங்கள் முதுகில் இருந்தபடியால் எங்கள் மணம் ஏற்கெனவே அதற்குப் போய்விட்டது. மணம் வந்து ஆளைக் காணாவிட்டால்தான் அது பதறும். ஆள் எங்கே, எத்தனை தூரம் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அதுவே விலகும். காற்று மறுபக்கம் வீசியிருந்தால், அது எங்களை அறியாமல் நின்றிருந்தால், மாமா வாயே திறந்திருக்கமாட்டார். வந்த கால்தடத்திலேயே கால் வைத்துப் பின்வாங்கியிருப்பார்.

பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

"ஆற்றையும் வளவுக்குள்ளை போறதெண்டால் படலையிலை நிண்டு செருமிப்போட்டுத்தானே போறனாங்கள்? இது அவையின்ரை வளவு."

அன்றைக்குப் பன்றியும் இல்லை, மானும் இல்லை. அந்தச் செருமலுக்கு மோட்டையடியில் நின்றதெல்லாம் ஓடியிருக்கும். மாமா அதைப்பற்றிக் கொஞ்சமும் கவலைப்படவில்லை.

ஆனையிடம் தப்பிய நான் பன்றியிடம் தப்பவில்லை. அது என் பிழை. அடுத்த மாதம், தோட்டத்து வேலியோரம் மாமா ஒரு ஆண்பன்றிக்கு வெடி வைத்தார். பட்டது, விழவில்லை, பற்றைக்குள் போய்விட்டது. மாமாவின் கணக்கு இப்படி: வெடி பட்ட பன்றியின் பின்னால் உடனே போகக்கூடாது. இருந்து ஒரு வாய் வெற்றிலை போட்டு, அது சக்கையாகும்வரை மென்று, துப்பிவிட்டுத்தான் எழும்பவேண்டும். பிறகு இரத்தம் பார்ப்பார். நுரை கலந்த சிவப்பென்றால் சுவாசப்பை, கிட்டடியில் கிடக்கும். கறுத்த சிவப்பென்றால் ஈரல். சாணி மணம் வந்தால் குடல். அப்படியென்றால் விடியும்வரை அந்தப் பக்கமே போகமாட்டார். கலைத்தால் அது ஓடும், ஓட முடியாத இடத்தில் திரும்பும். விட்டால் படுத்துவிடும்.

அவர் வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளிக்கொண்டிருக்கும்போதே நான் பற்றைக்குள் நுழைந்துவிட்டேன். பன்றி ஓடிப்போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அது போகவில்லை. தன் தடத்திலேயே திரும்பி, முகத்தை நான் வருகிற பக்கம் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. கறுப்பாக ஏதோ உருண்டு வந்தது மட்டும் தெரியும். பன்றி கடிப்பதில்லை, தலையைத் தாழ்த்தி வந்து மேல்நோக்கிக் கிழிக்கும். என் வலக்காலில் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, தொடையின் வெளிப்பக்கம் அந்தப் பல் ஏறியது. உட்பக்கம் ஏறியிருந்தால் பெரிய நாடி அறுந்திருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாமா தன் சாரத்தைக் கிழித்து இறுக்கிக் கட்டி, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு வந்தார். வழியெல்லாம் ஏசவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் ஏசவில்லை. ஆனால் அதற்குப்பிறகு ஒரு வருடம் என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இரவு வேட்டைக்கு மாமாவிடம் இன்னொரு சட்டம் இருந்தது. ரோச்லைற் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னினால் அது கண் மட்டும்தான், மிருகம் அல்ல. உடம்பு தெரிந்தால்தான் விரல் விசைக்குப் போகலாம். குளத்தோரம் மின்னுகிற கண் அயலவனின் எருமைக்கன்றாக இருக்கலாம், முதலையாக இருக்கலாம். எதிர்க்கரையில் மரத்தடியில் காத்திருக்கும் இன்னொரு வேட்டைக்காரனின் நாயாகவும் இருக்கலாம். பச்சைக்குழைகளை அவர் எண்ணியதன் காரணம் அங்கேதான் எனக்கு விளங்கியது. காட்டில் மனிதனைக் கொல்வதில் மனிதனுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதில் மிகக் கொடியது கட்டுத்துவக்கு. இரண்டு கவைத்தடி நட்டு அதில் ஒரு இடியன் துவக்கைப் படுக்கையாகக் கட்டிவிடுவார்கள். விசையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, பாதைக்குக் குறுக்கே. கட்டினவன் வீட்டில் போய்ப் படுத்துவிடுவான். கம்பி நிற்பது பன்றியின் நெஞ்சு மட்டம். ஆளுக்கு அது முழங்கால் மட்டம்.

பன்றி என்னைக் கிழித்ததற்கு அடுத்த வருடம் அது நடந்தது. பாலைப்பழக் காலம். வைகாசி கழிந்து ஆனி பிறந்தால் பாலை மரங்கள் பொன்னிறமாகப் பழுத்துத் தொங்கும். ஆட்களும் போவார்கள், கரடியும் வரும். அதனால் எங்கள் பெண்கள் தனியே போகமாட்டார்கள். நாலைந்து பேராக, உரத்துக் கதைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு போவார்கள். மரத்தில் கரடி ஏறியிருந்தால் கிளை குலுங்குவதையும் பழம் கொட்டுவதையும் தூரத்திலேயே நின்று பார்ப்பார்கள். விடியற்புறமும் பொழுதுபட்ட பிறகும் அந்த மரத்தடிக்குப் போகவே மாட்டார்கள். கரடியப்புவின் முகம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது. அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். முன்னால் போனவர் என்னோடு படித்தவனின் தாய். வெடிச்சத்தம் எங்கள் வளவு வரைக்கும் கேட்டது. மாமாவும் நானும் ஓடினோம். கடகம் கவிழ்ந்து, பழம் பாதை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. அவருக்கு உயிர் இருந்தது. கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

யார் கட்டினது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. மாமா அடுத்த நாள் விடிய, நீளமான தடி ஒன்றை எடுத்துக்கொண்டு தனியே காட்டுக்குப் போனார். பாதைகளில் தடியை முன்னால் நீட்டி நீட்டி நடந்து, அந்தக் கிழமைக்குள் மூன்று கட்டுத்துவக்குகளைக் கண்டு அவிழ்த்தார். மூன்றையும் கொண்டுவந்து கோயில் வாசலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உரியவர்கள் எடுக்க வரவில்லை. மாமா அதற்குப் பிறகு பன்றிக்கு வெடி வைப்பதையும் விட்டுவிட்டார். இரவில் பரணில் இருந்து தகரம் தட்டினார்.

எண்பதுகளில் அந்தத் துவக்கும் அவர் கையைவிட்டுப் போனது. பிறகு வந்த ஆண்டுகளைப் பற்றி வன்னியில் பிறந்த ஒருவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 2009இல் போர் முடிந்தபிறகு ஊருக்குத் திரும்பியபோது எங்கள் வளவு எது, காடு எது என்று பிரிக்க முடியவில்லை. கிணற்றுக்கட்டைக் கண்டுதான் வீட்டைக் கண்டுபிடித்தோம். மிதிவெடி அகற்றினவர்கள் சிவப்புப் பலகையை எடுக்கும்வரை விறகுக்குக்கூட உள்ளே போகவில்லை. ஆனை இப்போது படலைவரை வருகிறது. நாங்கள் இல்லாத ஆண்டுகளில் அது அவையின் வளவாகத்தான் இருந்திருக்கிறது.

நான் இப்போது வேட்டைக்குப் போவதில்லை. ஆனை, கரடி, சிறுத்தை, மான், மரை எல்லாவற்றையும் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் காக்கின்றன, அது சரியானது. ஆனால் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் மாடு தேடவும் எங்கள் பிள்ளைகள் இன்றைக்கும் காட்டுக்குள் போகிறார்கள். அவர்களுக்கு நான் மாமாவைப்போல அடுப்புச் சாம்பல் உதிர்த்துக் காற்றுப் பார்க்கக் காட்டுகிறேன். தனியே போகாதே என்கிறேன். பற்றை அடர்ந்த இடத்தில் கதைத்துக்கொண்டு போ, கரடியைக் கண்டால் ஓடாதே, அதன் முகத்தைப் பார்த்தபடி மெல்லப் பின்வாங்கு, மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்துப் பிடரியில் இரண்டு கையையும் கோத்துக்கொள், முகத்தை மண்ணுக்குள் புதை என்கிறேன். கரடியப்பு சொல்லித் தந்தது அது. கரடி உன்னை விட்டுப் போகத்தான் பார்க்கும்.

இத்தனைக்கும் மேலால் என்னைத் தூங்கவிடாத விசயம் ஒன்று இருக்கிறது. கட்டுத்துவக்கு இன்னும் ஒழியவில்லை. அதோடு இப்போது வெங்காய வெடியும் சேர்ந்திருக்கிறது. பன்றிக்கென்று தீனிக்குள் வைப்பதை ஆனைக்குட்டி கடிக்கிறது. வாய் சிதறி, தாடை உடைந்து, தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகிறது. காட்டில் உள்ள எல்லா உயிருக்கும் எங்கள் செருமல் கேட்கும். கேட்டு, வழி விடும். கட்டுத்துவக்குக்குக் காது இல்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது காட்டுப்பாதையில் கம்பி கட்டியிருந்தால், தயவுசெய்து இன்றைக்குப் பொழுதுபட முன்னம் போய் அவிழ்த்துவிடுங்கள். இது பாலைப்பழக் காலம். பெண்கள் நாளைக்கு வருவார்கள்.